காஸ்மிக் கதிரை ஆன்டெனா அறிவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அர்ஜென்டினாவின் மலார்குவே சமவெளியில், காஸ்மிக் கதிர்களை ஆராய்வதற்காக வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டிகளின் மேல் இப்போது ரேடியோ ஆன்டெனாக்களையும் பொருத்தியிருக்கிறார்கள் என்ற சிறு குறிப்பு சென்ற இதழில் வெளியாகியிருந்தது. அதைப் படித்துவிட்டுப் பெங்களூருவிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை இந்தப் பகுதி முழுவதும் ஒதுக்கப்படுகிறது. ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

ஆன்டெனா என்பது அலையைப் பிடிக்கும் கருவி. விண்வெளியிலிருந்து வரும் துகளை அது எப்படிப் பிடிக்கும்?
(கல்லூரி மாணவி, அல்சூர்)

ஆன்டெனா துகளைப் பிடிப்பதில்லை. அந்தத் துகள் நம் வளிமண்டலத்தில் நுழைந்து உண்டாக்கும் அமளியிலிருந்து எழுகின்ற ரேடியோ அலையைத்தான் அது பிடிக்கிறது. நடப்பதை முதலிலிருந்து பார்ப்போம்.

விண்வெளியிலிருந்து புரோட்டான்களும் ஹீலியம் முதல் இரும்பு வரையிலான அணுக்கருக்களும் இடைவிடாமல் பூமியை நோக்கி வந்துகொண்டிருக்கின்றன. இவற்றைத்தான் காஸ்மிக் கதிர்கள் என்கிறோம். 1912-ஆம் ஆண்டில் விக்டர் ஹெஸ் பலூனில் 5,000 மீட்டருக்கும் மேலே ஏறி, உயரம் கூடக்கூடக் கதிர்வீச்சும் கூடுவதை அளந்து காட்டியதிலிருந்து இவற்றை நாம் அறிவோம். இவற்றில் சில, நம்பக் கடினமான ஆற்றலோடு வருகின்றன. இந்தப் பதில்களில் அடிக்கடி வரப்போகும் 10¹⁷ எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) என்னும் அளவு, ஜெனீவாவில் உள்ள மிகப்பெரிய துகள் முடுக்கி ஒரு புரோட்டானுக்குக் கொடுக்கும் ஆற்றலைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கும் அதிகமானது. அப்படி ஒரு துகள், தரைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் அல்லது ஆக்சிஜன் அணுக்கருவில் மோதியவுடன் புதுத் துகள்கள் பிறக்கின்றன. அவை மேலும் மோதி மேலும் துகள்களைப் பிறப்பிக்கின்றன. சில மைக்ரோவினாடிகளில் கோடிக்கணக்கான எலக்ட்ரான்களும், அவற்றின் நேர் மின்னூட்ட இணையான பாசிட்ரான்களும், ஒளித்துகள்களான ஃபோட்டான்களும், அவற்றோடு எலக்ட்ரானைவிடக் கனமான மியூயான்களும், ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் கீழிறங்கும் ஒரு மெல்லிய தட்டாகத் திரண்டு விடுகின்றன. இதைத் துகள் பொழிவு என்கிறோம். இத்தகைய பொழிவுகள் பல நூறு மீட்டர் பரப்பில் ஒரே நேரத்தில் தரையை அடைகின்றன என்பதை 1930-களின் இறுதியில் பியர் ஓஷே கண்டறிந்தார். மலார்குவே ஆய்வுக்கூடம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

பூமியின் காந்தப்புலம் இங்கேதான் குறுக்கிடுகிறது. பெங்களூருவுக்கு மேலே அந்தப் புலம் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக, தெற்கிலிருந்து வடக்கு நோக்கி அமைந்திருக்கிறது. நேர் மேலிருந்து இறங்கும் ஒரு பொழிவை எண்ணிப் பாருங்கள். அதிலுள்ள பாசிட்ரான்களைக் காந்தப்புலம் கிழக்கே தள்ளும். எலக்ட்ரான்களை மேற்கே தள்ளும். எதிரெதிர் மின்னூட்டங்கள் எதிரெதிர்த் திசைகளில் நகர்ந்தால் அது மின்னோட்டம்தானே? பொழிவு வளரும்போது அந்த மின்னோட்டமும் வளர்கிறது. பொழிவு தேயும்போது அதுவும் தேய்கிறது. மாறிக்கொண்டேயிருக்கும் மின்னோட்டம் அலையை வெளியிடும் என்பது மின்காந்தவியலின் அடிப்படைப் பாடம். ஆகவே, இறங்கிவரும் பொழிவே ஒரு பிரம்மாண்டமான ஒலிபரப்பு ஆன்டெனாவாகி விடுகிறது.

இதைத் தவிர இரண்டாவது காரணம் ஒன்றும் உண்டு. பொழிவு காற்றைக் கடக்கும்போது வழியிலுள்ள அணுக்களின் எலக்ட்ரான்களையும் அடித்து இழுத்துக்கொண்டு வருகிறது; பாசிட்ரான்களோ எலக்ட்ரான்களோடு சேர்ந்து அழிந்து போகின்றன. அதனால் பொழிவின் முகப்பில் எதிர் மின்னூட்டம் 10 முதல் 20 சதவீதம் வரை மிஞ்சி நிற்கிறது. இந்த மிகைமின்னூட்டமும் ரேடியோ அலையை எழுப்பும் என்று 1962-ல் முன்கூட்டியே சொன்னவர் சோவியத் இயற்பியலாளர் குர்கென் அஸ்கார்யான். காற்றில் நிகழும் பொழிவுகளில் இதன் பங்கு சிறியது. காந்தப்புலத்தின் பங்கே பெரியது.

கோடிக்கணக்கான துகள்கள் இருந்தாலும், ஒவ்வொன்றும் தன் போக்கில் அலை எழுப்பினால் தரையில் எதுவும் தெரியாது. துகள் தட்டின் தடிமன் சில மீட்டர் மட்டுமே என்பதால், அதைவிட நீண்ட அலைநீளத்தில் பார்க்கும்போது எல்லாத் துகள்களின் அலைகளும் ஒரே கட்டத்தில் சேர்ந்து கூடுகின்றன. ஆளுக்கொரு நேரம் வடத்தை இழுத்தால் அசையாத தேர், எல்லோரும் ஒரே மூச்சில் இழுத்தால் நகர்ந்துவிடுவதைப் போன்றது இது. இதன் பயனாக, பொழிவின் ஆற்றல் இரண்டு மடங்கானால் அலையின் வீச்சும் இரண்டு மடங்காகிறது, அலை சுமந்துவரும் திறன் நான்கு மடங்காகிறது. ஆன்டெனா காட்டும் துடிப்பின் உயரத்திலிருந்து, வந்த துகளின் ஆற்றலை நேராகக் கணக்கிட முடிவது இதனால்தான்.

இந்த அலை உடலுக்குக் கேடு செய்யுமா?
(வாசகி, சிவாஜிநகர்)

கொஞ்சமும் செய்யாது. 10¹⁸ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஒரு பொழிவு, காந்தப்புலத்துக்குச் செங்குத்தாக வரும்போது, 30 முதல் 80 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் வெளியிடும் மொத்த ரேடியோ ஆற்றல் சுமார் 1.6 கோடி எலக்ட்ரான் வோல்ட் என்று மலார்குவேயில் அளந்திருக்கிறார்கள். அதாவது பொழிவின் ஆற்றலில் ஆறாயிரம் கோடியில் ஒரு பங்கு. அதுவும் பல்லாயிரம் சதுர மீட்டர் பரப்பில் பரவி விழுகிறது.

நான் வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன். பண்பலை வானொலியில் எரிகற்களைக் கேட்கலாம் என்பார்கள். அதைப் போல இந்தப் பொழிவையும் கேட்கலாமா? 30 முதல் 80 மெகாஹெர்ட்ஸ் என்று எல்லோரும் சொல்வது ஏன்?
(வாசகர், ஜாலஹள்ளி)

ஐயா, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எரிகல் தானாக ஒலிபரப்புவதில்லை. அது காற்றில் விட்டுச்செல்லும் மின்னூட்டத் தடம், தொலைவில் இருக்கும் ஏதோ ஒரு நிலையத்தின் அலையைத் திருப்பி அனுப்புகிறது. அது ஒரு வினாடியின் சிறு பகுதியிலிருந்து சில வினாடிகள் வரை நீடிப்பதால் காதுக்குக் கேட்கிறது. துகள் பொழிவோ தானே அலையை வெளியிடுகிறது, அந்தத் துடிப்பு சில பத்து நானோவினாடிகளில் முடிந்துவிடுகிறது. எந்த ஒலிபெருக்கியும் அதை ஒலியாக்கிக் காட்ட முடியாது. ஆன்டெனாவில் தோன்றும் மின்னழுத்தத்தை வினாடிக்கு ஏறத்தாழ 20 கோடி முறை அளந்து, எண்களாகப் பதிவுசெய்தால்தான் அதன் வடிவம் தெரியும்.

தாங்கள் எரிகல்லைக் குறிப்பிட்டதால், இந்தத் துறையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போரின்போது ரேடார் திரைகளில் அவ்வப்போது தோன்றிய விளங்காத எதிரொலிகள் துகள் பொழிவுகளிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று பிரிட்டிஷ் இயற்பியலாளர்கள் பிளாக்கெட்டும் லவலும் எழுதினார்கள். அதைச் சோதிப்பதற்காகவே பெர்னார்ட் லவல் 1945 டிசம்பரில் ராணுவ ரேடார் கருவிகளோடு மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஜோட்ரல் பேங்க் என்ற இடத்துக்குப் போனார். அவருக்குக் கிடைத்தவை எரிகல் எதிரொலிகள். காஸ்மிக் கதிரைத் தேடிப் போன முயற்சிதான் அங்கே புகழ்பெற்ற ரேடியோ வானியல் நிலையம் உருவாகக் காரணமாயிற்று.

அதிர்வெண் பட்டையைப் பற்றித் தங்களுக்கு நான் விரிவாகச் சொல்லத் தேவையில்லை. 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே சிற்றலை நிலையங்கள் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி உலகெங்கும் ஒலிக்கின்றன. 88-லிருந்து 108 வரை பண்பலை நிலையங்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. இடையில் இருக்கும் பட்டைதான் ஓரளவு காலி. பொழிவின் அலைகள் ஒரே கட்டத்தில் கூடுவதற்கும் இந்த அலைநீளமே ஏற்றது: 60 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 5 மீட்டர், துகள் தட்டின் தடிமனோ ஏறத்தாழ அதே அளவு. மனிதர் உண்டாக்கும் இரைச்சலே இல்லாத பாலைவனத்துக்குப் போனாலும், நம் பால்வீதி அனுப்பும் ரேடியோ இரைச்சல் இந்தப் பட்டையில் எப்போதும் இருக்கும். அதை மீறித் துடிப்பு தெரிய வேண்டுமானால் பொழிவின் ஆற்றல் பொதுவாக 10¹⁷ எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும்.

இதை முதலில் கண்டவர் யார்? இத்தனை ஆண்டுகள் பேசப்படாமல் இருந்தது ஏன்?
(வாசகர்கள் இருவர், ஸ்ரீராமபுரம் மற்றும் ஓசூர்)

முதலில் கண்டவர்கள் ஜான் ஜெல்லியும் அவருடைய குழுவினரும். இடம், லவல் தேடிப் போன அதே ஜோட்ரல் பேங்க். 44 மெகாஹெர்ட்ஸுக்குப் பொருந்தும் 72 இருமுனை ஆன்டெனாக்களை வரிசையாக அமைத்து, அருகில் கைகர் எண்ணிகளை வைத்தார்கள். கைகர் எண்ணிகள் ஒரே நேரத்தில் துடித்தால் பொழிவு வந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கணத்தில் மட்டும் ஆன்டெனாவின் குறிப்பைப் படமெடுத்தார்கள். இப்படி எடுத்த 4,500 பதிவுகளில் தெளிவான ரேடியோ துடிப்பு இருந்தவை 11 மட்டுமே. 1965-ல் முடிவு வெளியானது. அடுத்த ஆண்டே கான், லெர்ச் இருவரும் காந்தப்புலத்தால் மின்னூட்டங்கள் பிரிவதே முதன்மையான காரணம் என்ற விளக்கத்தைக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள்.

பத்தாண்டுக் காலம் பல நாடுகளில் இந்த ஆய்வு நடந்து, பிறகு நின்றுபோனது. ஒரே வகைப் பொழிவு ஒரு நாள் ஒரு வீச்சையும் இன்னொரு நாள் வேறு வீச்சையும் காட்டியதுபோல் தோன்றியது. வெவ்வேறு குழுக்களின் அளவுகள் ஒத்துப்போகவில்லை. இடிமேகங்களின் மின்புலம் அளவைக் கெடுத்தது. அலைக்காட்டியின் திரையைப் படமெடுத்துக் கையால் அளந்த காலம் அது. அவர்களுடைய இயற்பியலில் குறை இருந்ததாக நான் கருதவில்லை. வேகமான எண்மப் பதிவுக் கருவியும், ஒவ்வொரு பொழிவையும் துகள் துகளாகப் பின்தொடர்ந்து கணக்கிடும் கணினியும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டும் கிடைத்த பிறகு, 2000-க்குப் பின் இந்தத் துறை மீண்டெழுந்தது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் ஏற்கெனவே இயங்கிவந்த துகள் உணர்விகளின் நடுவே லோபெஸ் என்ற ஆன்டெனாத் தொகுதியை அமைத்தார்கள். தொழிற்கூடங்களும் மின்கருவிகளும் நிறைந்த, ரேடியோ இரைச்சல் மிகுந்த இடம் அது. பல ஆன்டெனாக்களின் பதிவுகளைக் கால இடைவெளி சரிசெய்து ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டினால், பொழிவு வந்த திசையிலிருந்து மட்டும் துடிப்பு எழுந்து நிற்கிறது என்பதை 2005-ல் வெளியிட்டார்கள். அதே காலத்தில் பிரான்சின் நான்சேயிலும் கோடலேமா என்ற சோதனை வெற்றி கண்டது. பிறகு நெதர்லாந்தின் லோஃபார், அர்ஜென்டினாவின் ஏரா, சைபீரியாவின் துங்கா-ரெக்ஸ் என்று தொடர்ந்தது.

துகள் உணர்விகளும் தொலைநோக்கிகளும் இருக்கும்போது ஆன்டெனாவால் புதிதாக என்ன கிடைக்கும்?
(இயற்பியல் ஆசிரியர், விவேக் நகர்)

இந்தக் கேள்வியைத்தான் நான் மிகவும் எதிர்பார்த்தேன். காஸ்மிக் கதிர் ஆய்வில் இன்று தீராமல் இருக்கும் பெரிய சிக்கல், மிக உயர்ந்த ஆற்றலோடு வரும் துகள்கள் எங்கே பிறந்தன என்பது. அதை அறிய, வந்தது புரோட்டானா, இரும்பு அணுக்கருவா, இடைப்பட்ட வேறொன்றா என்பதை முதலில் அறிந்தாக வேண்டும். ஏனென்றால் மின்னூட்டம் கூடிய கருவைப் பால்வீதியின் காந்தப்புலம் அதிகமாக வளைக்கும், அது வந்த திசையைக் கொண்டு பிறந்த இடத்தைச் சொல்ல முடியாது.

வந்தது எது என்பதற்கான குறிப்பு, பொழிவு எந்த ஆழத்தில் உச்சத்தை எட்டியது என்பதில் இருக்கிறது. இரும்புக் கரு என்பது 56 சிறு துகள்கள் ஆற்றலைப் பங்குபோட்டுக்கொண்டு வருவதற்குச் சமம்; ஆகவே அதன் பொழிவு மேலேயே வளர்ந்து மேலேயே உச்சமடைகிறது. அதே ஆற்றலுள்ள புரோட்டானின் பொழிவு இன்னும் கீழே இறங்கி உச்சமடைகிறது. வளிமண்டலத்தின் ஆழத்தைச் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் காற்று என்று அளப்பது வழக்கம். நேர் மேலிருந்து கடல்மட்டம் வரை அது சுமார் 1,030 கிராம். புரோட்டானுக்கும் இரும்புக்கும் உச்ச ஆழத்தில் உள்ள வேறுபாடு சராசரியாக 100 கிராம் அளவே. ஒரே வகைத் துகளுக்குள்ளும் ஒரு பொழிவுக்கும் இன்னொன்றுக்கும் ஏற்றத்தாழ்வு உண்டு. எனவே அளவு மிகத் துல்லியமாக இருக்க வேண்டும்.

தரையில் இருக்கும் துகள் உணர்வி, இரவுபகல் பாராமல் உழைக்கும். ஆனால் அதற்குக் கிடைப்பது பொழிவின் கடைசிக் கட்டம் மட்டுமே. பொழிவு காற்றில் எழுப்பும் மெல்லிய ஒளிர்வைப் பார்க்கும் தொலைநோக்கி, வளர்ச்சி முழுவதையும் நேரடியாகப் பார்க்கிறது. ஆனால் நிலவில்லாத, மேகமில்லாத இரவுகளில் மட்டுமே இயங்கும் என்பதால், மொத்த நேரத்தில் அதற்குக் கிடைப்பது சுமார் 15 சதவீதம். ரேடியோ அலையைக் காற்று விழுங்குவதில்லை. பொழிவின் பிறப்பிலிருந்து தேய்வு வரை எழுந்த அலைகள் அத்தனையும் தரைக்கு வந்து சேர்கின்றன. பகலிலும் வருகின்றன, முழுநிலவிலும் வருகின்றன. உச்சம் தரைக்கு அருகில் இருந்தால் ரேடியோ அலை தரையில் படும் வட்டம் குறுகி விழும், தொலைவில் இருந்தால் அகன்று விழும். அந்த வடிவத்தைப் பல ஆன்டெனாக்களால் அளந்தால் உச்சத்தின் ஆழம் கிடைத்துவிடும்.

லோஃபார் குழுவினர் இதைச் செய்த முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது. சில நூறு மீட்டர் பரப்பில் நூற்றுக்கணக்கான ஆன்டெனாக்கள் நெருக்கமாக நிற்கும் இடம் அது. ஒவ்வோர் ஆன்டெனாவும் தன் பதிவைச் சில வினாடிகள் நினைவகத்தில் வைத்திருக்கும். அருகிலுள்ள துகள் உணர்விகள் பொழிவு வந்ததென்று சொன்னால் மட்டும் அந்தப் பதிவு சேமிக்கப்படும். பிறகு, பதிவான அந்த ஒரு பொழிவுக்காகவே, அதே திசையிலும் அதே ஆற்றலிலும் புரோட்டானாலும் இரும்பாலும் தொடங்கிய பல பொழிவுகளைக் கணினியில் உருவாக்கி, எந்த உச்ச ஆழம் ஆன்டெனாக்கள் அளந்த வடிவத்தோடு மிக நன்றாகப் பொருந்துகிறது என்று தேடினார்கள். 20 கிராமுக்கும் குறைவான பிழையோடு ஆழத்தைச் சொல்ல முடிந்தது. 10¹⁷ எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிய ஆற்றலில் வருபவற்றில் புரோட்டான், ஹீலியம் ஆகிய இலகுவானவையே பெரும்பங்கு என்று 2016-ல் அறிவித்தார்கள். தொலைநோக்கிக்கு நிகரான துல்லியத்தை ஆன்டெனா கொடுக்கும் என்ற நம்பிக்கை அன்றுதான் வேரூன்றியது என்பது என் மதிப்பீடு.

மலார்குவேயின் தேவை வேறு. அங்கே 3,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1,600-க்கும் மேற்பட்ட தண்ணீர்த் தொட்டிகள் துகள் உணர்விகளாக ஒன்றரைக் கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. 10²⁰ எலக்ட்ரான் வோல்ட்டை எட்டும் துகள் ஒரு சதுர கிலோமீட்டருக்கு நூறாண்டில் ஏறத்தாழ ஒன்றுதான் வரும் என்பதால் அவ்வளவு பரப்பு வேண்டியிருக்கிறது. நேர் மேலிருந்து வரும் பொழிவின் ரேடியோ அலை சில நூறு மீட்டருக்குள் முடிந்துவிடும்; ஆகையால் அந்த இடைவெளியில் ஆன்டெனா வைத்துப் பயனில்லை. சாய்ந்து, அடிவானத்தை ஒட்டி வரும் பொழிவின் கதை வேறு. அதன் எலக்ட்ரான்களையும் ஃபோட்டான்களையும் நீண்ட வழியிலுள்ள காற்று விழுங்கிவிட, மியூயான்கள் மட்டும் தொட்டிகளை அடைகின்றன. ரேடியோ அலையோ பல கிலோமீட்டர் நீளத்துக்குத் தரையில் படர்கிறது. தொட்டி மியூயான்களை எண்ணும், ஆன்டெனா எலக்ட்ரான்களின் ஆற்றலைச் சொல்லும். இரண்டின் விகிதத்திலிருந்து, வந்த துகளின் கனம் தெரியவரும். ஒவ்வொரு தொட்டியின் தலையிலும் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும் விட்டமுள்ள வளைய ஆன்டெனாவை அவர்கள் பொருத்தியிருப்பது இதற்காகத்தான்.

கோலார் தங்கச் சுரங்கத்திலும் காஸ்மிக் கதிர் ஆய்வு நடந்தது என்று என் தந்தையார் சொல்வார். அதுவும் இதுவும் ஒன்றா?
(வாசகி, கோலார் தங்கவயல்)

தந்தையார் சொன்னது முற்றிலும் உண்மை. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தினர் ஜப்பானிய, பிரிட்டிஷ் ஆய்வாளர்களோடு சேர்ந்து, 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறந்து, பாறையையும் எளிதில் ஊடுருவும் நியூட்ரினோ என்னும் துகள்களின் தடத்தை 1965-ல் கண்டறிந்தார்கள். உலகில் இதை முதலில் கண்ட இரண்டு குழுக்களில் அது ஒன்று. ஆனால் அதன் போக்கு இதற்கு நேர் எதிரானது: பொழிவின் மற்றத் துகள்கள் எல்லாம் பாறையில் நின்றுவிட வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு ஆழம் இறங்கினார்கள். ஜோட்ரல் பேங்கில் முதல் ரேடியோ துடிப்பு வெளியான அதே ஆண்டில், தங்கவயலின் சுரங்கத்தில் இது நடந்தது. தங்கவயல் தமிழ்க் குடும்பங்கள் பெருமையோடு பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி இது.

மே மாத இடிமழை இந்த அளவைக் கெடுக்காதா?
(வாசகர், ஃப்ரேசர் டவுன்)

கெடுக்கும். இடிமேகத்தினுள் இருக்கும் மின்புலம் எலக்ட்ரான்களையும் பாசிட்ரான்களையும் தன் பங்குக்கு இழுப்பதால், துடிப்பின் வீச்சும் அது அதிரும் திசையும் மாறிவிடுகின்றன. அதனால் ஆன்டெனாக்களோடு மின்புலம் அளக்கும் கருவியையும் வைத்து, இடிமழை நேரப் பதிவுகளை ஆற்றல் கணக்கில் சேர்க்காமல் விலக்கிவிடுவார்கள். ஆனால் விலக்கிய பதிவுகளும் வீண்போகவில்லை. அவற்றைக் கொண்டு இடிமேகத்தினுள் மின்புலம் எப்படி அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது என்பதை லோஃபார் குழுவினர் கண்டறிந்தார்கள். பலூனையோ விமானத்தையோ மேகத்துக்குள் அனுப்பாமல் அதை அறிவது எளிய செயலன்று.

ஆன்டெனா இல்லாமல் மியூயான்களைக் கொண்டே இதைச் செய்தவர்கள் நம் உதகமண்டலத்தில் இருக்கிறார்கள். அங்குள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம், 2014 டிசம்பர் 1 அன்று வீசிய இடிமழையின்போது மியூயான்களின் எண்ணிக்கை மாறியதை அளந்து, மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் அளவுக்கு இருந்திருக்க வேண்டும் என்று 2019-ல் வெளியிட்டது. இடிமேகத்தில் அவ்வளவு அழுத்தம் இருக்கக்கூடும் என்று 1929-லேயே சி. டி. ஆர். வில்சன் எழுதியிருந்தார்.

கௌரிபிதனூரில் ஆன்டெனாக்கள் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவற்றைக் கொண்டு இந்த ஆய்வைச் செய்ய முடியாதா? உதகையில் செய்ய முடியாதா?
(மென்பொருள் துறையில் பணிபுரியும் வாசகர், ஒயிட்ஃபீல்டு)

நீங்கள் பார்த்தவை இந்திய வானியற்பியல் நிலையமும் ராமன் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து அமைத்த கருவிகள். அங்கே 34.5 மெகாஹெர்ட்ஸில் இயங்கிய ஆங்கில டி எழுத்து வடிவ ஆன்டெனா வரிசை, கிழக்கு மேற்காக ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர் நீளம் கொண்டது. வானத்தின் வரைபடம் தயாரிக்கவும் சூரியனை ஆராயவும் எழுந்தது. பட்டை பொருந்துகிறது என்பது சரி. ஆனால் வானியல் ஆன்டெனா நெடுநேரப் பதிவைச் சராசரியாக்கிப் படம் எடுக்கிறது. அந்தச் சராசரியில் சில நானோவினாடித் துடிப்பு கரைந்து காணாமல் போகும். ஒவ்வோர் ஆன்டெனாவின் மூலப் பதிவையும் தனித்தனியே நினைவகத்தில் வைக்க வேண்டும், பொழிவு வந்தது என்று சொல்லப் பக்கத்தில் துகள் உணர்விகளும் வேண்டும்.

உதகையில் அந்தத் துகள் உணர்விகள் இருக்கின்றன: 2,200 மீட்டர் உயரத்தில், 25,000 சதுர மீட்டர் பரப்பில், 8 மீட்டர் இடைவெளியில் சுமார் 400. அவ்வளவு நெருக்கமாக வைத்திருப்பதற்குக் காரணம், ரேடியோ முறைக்கு எட்டாத குறைந்த ஆற்றல் பொழிவுகளையும் விட்டுவிடாமல் அளப்பது. 10¹⁷-ஐ எட்டும் பொழிவு அந்தச் சிறு பரப்பில் விழுவது குறைவு. ஆகவே இரண்டு இடத்திலும் பாதி பாதி இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் ஆசையோடு குறிப்பிட்டுக் கொள்கிறேன். தென்னிந்தியாவின் மேல் காந்தப்புலம் கிடைமட்டமாக இருப்பதை முதல் பதிலில் சொன்னேன். அதன் வலிமை சுமார் 40 மைக்ரோடெஸ்லா. மலார்குவேயில் சுமார் 24 மட்டுமே. நெதர்லாந்தில் புலம் வலிமையானதுதான், ஆனால் செங்குத்தை நெருங்கும் சாய்வில் தரைக்குள் இறங்குவதால், நேர் மேலிருந்து வரும் பொழிவுக்கு அதன் முழுப் பயனும் கிடைப்பதில்லை. நேர் மேலிருந்து இறங்கும் பொழிவுக்கு நம் வானத்தைவிடச் சாதகமான காந்தப்புலம் அமைவது அரிது. இரைச்சலற்ற ஒரு பள்ளத்தாக்கும் சில சதுர கிலோமீட்டர் நிலமும் இதற்கென்று கிடைத்தால், தொடங்குவதற்குத் தடை எதுவும் இயற்கையின் பக்கத்தில் இல்லை.

என் மகன் பதினொன்றாம் வகுப்பு. வீட்டு மொட்டைமாடியில் ஆன்டெனா கட்டிப் பள்ளிக் கண்காட்சிக்கு இதைச் செய்யலாம் என்கிறான். கம்பி, குழாய் எல்லாம் சேர்த்து அதிகச் செலவில்லை என்று கணக்குக் காட்டுகிறான். உதவ முடியுமா?
(வாசகி, கே. ஆர். புரம்)

அம்மா, மகனின் ஆர்வத்தைத் தடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அவன் ஏமாற்றமடையவும் கூடாது என்பதால் உள்ளதைச் சொல்கிறேன். ஆன்டெனாவைப் பற்றி அவன் போட்ட கணக்கு சரி. 40 மெகாஹெர்ட்ஸுக்கு இருமுனை ஆன்டெனாவின் மொத்த நீளம் மூன்றே முக்கால் மீட்டர்; அலுமினியக் குழாயில் ஒரு மாலைப் பொழுதில் கட்டிவிடலாம். மாலை முடிவதற்குள் அதில் ஆயிரக்கணக்கான துடிப்புகளும் வந்துவிடும். எல்இடி விளக்கு, கைபேசி மின்னூட்டி, லிஃப்ட் மோட்டார், தெருவில் கிளம்பும் இருசக்கர வாகனத்தின் தீப்பொறி, மின்கம்பத்தின் கசிவு என்று ஒவ்வொன்றும் நானோவினாடித் துடிப்பை எழுப்பும். அவற்றில் ஒன்று பொழிவு என்று அவன் எதைக் கொண்டு சொல்வான்?

சொல்வதற்கு மூன்று சான்றுகள் வேண்டும். துகள் உணர்வி அதே கணத்தில் பொழிவைக் கண்டிருக்க வேண்டும். பல ஆன்டெனாக்களில் துடிப்பு வந்த நேரத்தைக் கொண்டு கணக்கிட்ட திசை, துகள் உணர்வி சொல்லும் திசையோடு ஒத்துப்போக வேண்டும். இதற்கு நேரக் கணக்கில் ஒரு நானோவினாடி அளவு துல்லியம் தேவை, ஜிபிஎஸ் தரும் நேரம் மட்டும் அதற்குப் போதாது. மலார்குவேயில் இதற்காகவே ஒரு தனி ஒலிபரப்பியை நிறுவி, அதன் அலையைப் பொதுக் கடிகாரமாகக் கொண்டார்கள். தலைக்கு மேல் பறக்கும் விமானங்கள் அனுப்பும் துடிப்புகளை வைத்து அதைச் சரிபார்த்தார்கள். மூன்றாவதாக, துடிப்பு அதிரும் திசை, பொழிவின் திசைக்கும் காந்தப்புலத்துக்கும் செங்குத்தாக இருக்க வேண்டும். பெங்களூருவில் நேர் மேலிருந்து வருவதற்கு அது கிழக்கு மேற்கு. தெருவிளக்கின் இரைச்சலுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. இந்த முறையின் உழைப்பும் செலவும் கம்பியில் இல்லை, இந்தச் சான்றுகளில்தான் இருக்கின்றன.

கண்காட்சிக்கு ஏற்றது மியூயான் எண்ணி. கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூயான் விழுகிறது என்பதால் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு கைகர் குழாய்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, இரண்டும் ஒரே கணத்தில் துடிப்பதை மட்டும் எண்ணும்படி சுற்று அமைக்கட்டும். பிறகு இரண்டையும் சேர்த்துச் சாய்த்து, சாயச் சாய எண்ணிக்கை குறைவதை வரைபடமாகப் போடட்டும். கைகர் குழாய்க்குச் சில நூறு வோல்ட் தேவை. அந்தச் சுற்றைப் பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் மேற்பார்வையில் செய்வதே பாதுகாப்பு. இரண்டு குழாய்களையும் சில மீட்டர் தள்ளித் தரையில் வைத்தால், எப்போதாவது சேர்ந்து துடிப்பது துகள் பொழிவாக இருக்கலாம். ஓஷே தொடங்கியதும் இந்த வழியில்தான்.

நான் பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு மாணவி. இந்தத் துறையில் ஆய்வு செய்ய விரும்பினால் எதைப் படிக்க வேண்டும்? வேலைக்கு இடமுண்டா?
(வாசகி, பையப்பனஹள்ளி)

இடம் வளர்ந்துகொண்டிருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் எழும் எஸ்கேஏ ரேடியோ தொலைநோக்கியின் தாழ் அதிர்வெண் பகுதியில் 1,31,072 ஆன்டெனாக்கள் நிற்கப்போகின்றன. அவற்றில் பெரும்பகுதி மையத்தில் நெருங்கி நிற்பதால், ஒரே பொழிவைப் பல்லாயிரம் ஆன்டெனாக்களால் அளக்கும் வாய்ப்பு முதன்முறையாகக் கிடைக்கும். அந்தத் திட்டத்தில் இந்தியாவும் பங்கேற்கிறது.

படிப்பைப் பொறுத்தவரை, மின்காந்தவியலை நன்றாக ஊன்றிக் கற்றுக்கொள்ளுங்கள். நகரும் மின்னூட்டம் அலை வெளியிடுவதைப் பற்றிய அத்தியாயத்தைப் பாடத்திட்டம் விரைந்து கடந்தாலும் நீங்கள் கடந்துவிட வேண்டாம். ஃபூரியே பகுப்பாய்வு, குறிப்புச் செயலாக்கம், பைத்தான் ஆகியவற்றை இப்போதே தொடங்கலாம். பொழிவுகளைக் கணினியில் உருவாக்க இத்துறையினர் பயன்படுத்தும் கோர்சிகா என்ற நிரலும், அதோடு ரேடியோ அலையைக் கணக்கிடும் கோரியாஸ் என்ற பகுதியும் கார்ல்ஸ்ரூஹேயில் உருவானவை. முதுகலை செல்லும்போது அவற்றை இயக்கிப் பழகுங்கள். முனைவர் பட்டத்துக்கு இந்திய வானியற்பியல் நிலையமும் ராமன் ஆராய்ச்சி நிலையமும் ஜெஸ்ட் தேர்வு வழியாக மாணவர்களை எடுக்கின்றன. டாட்டா நிலையம் தனித் தேர்வு நடத்துகிறது. முதலில் சொன்ன இரண்டும் பெங்களூருவில் உங்களுக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றன என்பதால், பொது விரிவுரைகள் நடக்கும் நாள்களில் நேரில் போய்க் கேளுங்கள், முடிந்ததும் பேசியவரிடம் உங்கள் ஆர்வத்தைச் சொல்லுங்கள். கோடை விடுமுறைப் பயிற்சிக்கான அறிவிப்புகள் அவர்களுடைய இணையதளங்களில் வெளியாகும். இறுதியாண்டில் இருக்கும் நீங்கள் இந்த ஆண்டே விண்ணப்பிக்கலாம்.